கை குடுக்க வைத்த அன்று

"காலையில ரொப்பிக் குடுத்த தண்ணி சாயங்காலம் அப்படியே திரும்பி வருது டீச்சர். வீட்டுக்கு வந்ததும் பையைப் போட்டுட்டுக் கக்கூஸுக்குத்தான் ஓடுதான்."

சுற்றிய பீடியைக் கடையில் கொடுக்கப் போகிற வழியில் அந்த அம்மா சொன்னது இவ்வளவுதான். மூன்றாம் வகுப்புப் பையன். "வெயில் காலம்லா, குடிக்கச் சொல்லுங்கம்மா" என்றேன். ஆசிரியர் கண் படாத இடம் கழிப்பறை. அங்கே இரண்டு பேர் கதவைப் பிடித்துக்கொண்டு அவனை வெளியே விடாமல் சிரித்திருக்கிறார்கள். அங்கே போகாமலிருக்கத்தான் அவன் தண்ணீரே குடிக்கவில்லை. அடுத்த வாரம் அவனே வந்து சொன்னான். மூவரையும் கூப்பிட்டேன். "ஸாரி சொல்லு, கை குடு, இனி ஃப்ரெண்டா இருக்கணும்." இரண்டு நிமிடத்தில் முடிந்தது. அதன் பிறகு அவன் என்னிடம் எதுவுமே சொல்லவில்லை.

கை குடுக்க வைப்பது சண்டைக்குச் சரி. சண்டையில் இருவருக்கும் கோபம் இருக்கும், இருவரும் அழுவார்கள், மறுநாள் ஒன்றாக விளையாடுவார்கள். ஒரே பிள்ளையை, அதே ஆட்கள், திரும்பத் திரும்ப, அவனால் எதிர்க்க முடியாதபடி செய்தால் அது சண்டை இல்லை. அங்கே கை குடுக்கச் சொன்னால், பயந்த பிள்ளை பயமுறுத்தியவனின் கையை எல்லோர் முன்பும் பிடிக்க வேண்டியிருக்கிறது. இத்தனை பிள்ளைகளை வைத்துக்கொண்டு வேறென்ன செய்வது என்றும் தோன்றும். ஆனால் இடைவேளையில் கழிப்பறைப் பக்கம் பத்து நிமிடம் போய் நிற்க என்னால் முடிந்திருக்கும்.

தண்ணீர் பாட்டிலைப் பார்க்கச் சொல்லி இப்போது எல்லாப் பெற்றோரிடமும் சொல்கிறேன். பென்சிலும் ரப்பரும் வாரத்துக்கு இரண்டு மூன்று தொலைவது, பள்ளிக்கூடம் இருக்கிற காலையில் மட்டும் வருகிற வயிற்றுவலி, பழகின தெருவை விட்டுச் சுற்றி வருவது, இவற்றையும் கவனிக்க வேண்டும். ஒன்று மட்டும் என்றால் பதற வேண்டாம். இரண்டு மூன்று சேர்ந்து நீடித்தால் விசாரிக்க வேண்டும். "யாருலே உன்னை அடிச்சா?" என்றால் "யாருமில்ல" என்றுதான் பதில் வரும். "இன்னைக்குச் சாப்பிடும்போது யாரு பக்கத்துல உக்காந்தே?" என்று, முகத்தையே பார்க்காமல், பீடி சுற்றிக்கொண்டே கேட்டால் மெல்ல வரும். "நீ என்ன செஞ்சே?" என்று மட்டும் அப்போது கேட்டுவிடக் கூடாது.

தேதி, இடம், யார் பார்த்தது, பிள்ளை சொன்ன அதே வார்த்தை, இதையெல்லாம் ஒரு நோட்டில் நாலு வரி எழுதிக்கொண்டு தலைமையாசிரியரிடம் போகலாம். "அவனைக் கண்டிச்சு வைங்க" என்று கேட்டால் "சரி" என்பதோடு போய்விடும். "இடைவேளையில அங்க யாரு நிப்பாங்க? நான் என்னைக்குத் திரும்ப வந்து கேக்கட்டும்?" என்று கேட்க வேண்டும். ஒரு வாரம் பொறுக்கலாம். அசையவில்லை என்றால் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. பள்ளிக் கல்வித் துறை உதவி எண் 14417, குழந்தைகள் உதவி எண் 1098 இருக்கின்றன.

எதிர்ப் பிள்ளையின் வீட்டுக்கு நேரே போகாதீர்கள் என்பதை நம் பக்கத்தில் அழுத்தித்தான் சொல்ல வேண்டும். பிள்ளைகள் தகராறு ஒரே ராத்திரியில் இரண்டு தெருத் தகராறாகிவிடும். சாதியைக் காட்டக் கையில் கட்டிய கயிற்றின் நிறம் மூன்றாம் வகுப்பிலேயே பிள்ளைகளுக்குத் தெரிகிறது. 2023 ஆகஸ்டில் திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில் சாதியின் பேரில் சக மாணவர்கள் வீடு புகுந்து வெட்டிய அந்த மாணவர், அதற்கு முன்பே பள்ளிக்குப் போகாமல் நின்றிருந்தார். பிள்ளை வர மறுப்பதைச் சோம்பல் என்று எழுதிவிட என் கை இப்போது தயங்குகிறது.

அந்த அம்மா பிறகொரு நாள் வந்தார். "திருப்பி அடிலேன்னு சொல்லி அனுப்பியிருக்கேன் டீச்சர்." திருப்பி அடிக்கிறவன்தான் எங்கள் கண்ணில் படுவான், முதலில் அடித்தவன் தப்பித்துவிடுவான் என்பது எனக்குத் தெரியும். அதனால், "அப்படிச் சொல்லாதீங்கம்மா, எங்ககிட்ட வந்து சொல்லச் சொல்லுங்க" என்றேன்.

"சொன்னாம்லா டீச்சர்" என்றார்.