பேட்டரி சைக்கிளுக்கு எதற்குக் கியர்?

"மோட்டார் இருக்குல்லா, பின்ன கியர் எதுக்கு மக்ளே?" நாகர்கோவில் பார்வதிபுரம் டீக்கடையில் ஒரு பெரியவர் கேட்டார். நியாயமான கேள்வி. டீ ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற பதில் இல்லை என்பதால் சிரித்துச் சமாளித்தேன்.

என் வண்டியில் பின்சக்கரத்தின் நடுவிலேயே மோட்டார் இருக்கிறது. 250 வாட், 36 வோல்ட் பேட்டரி. மிதித்தால் துணைக்கு வரும், 25 கிலோமீட்டர் வேகத்தில் விலகிக்கொள்ளும். இந்த வரம்புக்குள் இருப்பதால் பதிவும் வேண்டாம், லைசென்சும் வேண்டாம். முன்னால், பெடலோடு, 42 பல் கொண்ட ஒரே பல்சக்கரம். பின்னால் ஏழு, பெரியதில் (முதல் கியர்) 28 பல், சிறியதில் (ஏழாவது கியர்) 14.

முதலில் பழக வேண்டியிருந்தது மோட்டாரின் குணத்தைத்தான். பெடல் அச்சில் காந்தங்கள் பதித்த ஒரு வட்டு இருக்கிறது. பக்கத்து சென்சாருக்கு பெடல் சுற்றுகிறதா இல்லையா என்பது மட்டும்தான் தெரியும். எவ்வளவு அழுத்தி மிதிக்கிறோம் என்பது தெரியாது. அதனால் மிதிக்கத் தொடங்கி ஒரு நொடி கழித்து சட்டென்று தள்ளும். வடசேரி பஸ் நிலையம் பக்கம் பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் நடுவே ஊர்ந்து போகும்போது இந்தத் தள்ளல் நன்றாக இருக்காது. பிரேக் பிடியை லேசாகத் தொட்டாலே மோட்டார் அணையும். நெரிசலில் இரண்டு விரலை எப்போதும் பிரேக்கில் வைத்திருக்கப் பழகியதும் பயம் போயிற்று.

அப்புறம் கியர். பெடல் சுற்றினால்தான் செயின் ஒரு பல்சக்கரத்திலிருந்து அடுத்ததற்கு ஏறும். ஆனால் அழுத்தி மிதித்துக்கொண்டே மாற்றினால் 'கடக்' என்று கத்தும், பல்லும் தேயும். கால் சுற்ற வேண்டும், அழுத்தம் மட்டும் குறைய வேண்டும். சாதாரண சைக்கிளில் ஏற்றத்தின் நடுவில் இதைச் செய்தால் வண்டி நின்றுவிடப் பார்க்கும். இங்கேதான் பின்சக்கர மோட்டார் கைகொடுக்கிறது. அதன் இழுவை செயின் வழியாக வருவதில்லை. நான் காலைத் தளர்த்துகிற அந்த நொடியிலும் மோட்டார் வண்டியை நகர்த்திக்கொண்டிருக்கும். செயின் சத்தமில்லாமல் மாறிவிடும். பெடல் அச்சில் மோட்டார் உள்ள வண்டிகளில் கதை வேறு. அங்கே மோட்டாரின் பலமும் செயின் மேல்தான் விழும்.

கிழக்கே தோவாளை, ஆரல்வாய்மொழி சாலை பெரும்பாலும் சமதளம். பழக நல்ல இடம் என்று கிளம்பினேன், ஆனால் ஆடி மாதம். போகும்போது மேற்குக் காற்று முதுகில் கைவைத்துத் தள்ளியது; ஏழாவது கியரில் சும்மா போனேன். திரும்பும்போது சமதளமே மேடாகிவிட்டது. முப்பந்தலில் அத்தனை காற்றாலைகளைச் சும்மாவா நட்டிருக்கிறார்கள்! மூன்றாவது கியருக்கு இறங்கி, காலைச் சீராகச் சுற்றி ஊர் வந்து சேர்ந்தேன்.

உண்மையான பாடம் மேற்கே. சுங்கான்கடை, வில்லுக்குறி, தக்கலை என்று சாலை ஏறி இறங்கிக்கொண்டே போகும். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் முதல் கியரில் மணிக்கு 11 கிலோமீட்டர் வேகம், ஏழாவதில் 22. மேட்டில் ஏழாவதிலேயே இருந்தால் கால் மெதுவாகும், வேகம் விழும். வேகம் விழுந்த பின்சக்கர மோட்டார் நிறைய மின்சாரத்தை இழுவையாக மாற்றாமல் சூடாக வீணாக்கும். மேடு தொடங்கும் முன்பே இரண்டு கியர் இறக்கி, கால் சுற்றும் வேகத்தை விடாமல் பிடித்தால் மோட்டாரும் திணறாது, பேட்டரியும் மிஞ்சும். மோட்டார் தரும் துணையின் அளவை ஐந்தில் வைப்பதைவிட, இரண்டில் வைத்துக் கியரை ஒழுங்காக மாற்றுவது எனக்குப் பிடித்திருக்கிறது. வியர்க்கும்தான். வியர்க்கட்டும், சைக்கிள்தானே.

செட்டிகுளம் சந்திப்பு மாதிரி நிற்க வேண்டிய இடங்களில், நிற்பதற்கு முன்பே மூன்றாவதுக்கு இறக்கிவிட வேண்டும். நின்ற பிறகு மாற்ற முடியாது.

இப்போது ஐந்தாவதிலிருந்து நான்காவதுக்கு இறங்குகையில் செயின் கொஞ்சம் தயங்குகிறது. புது கேபிள் இழுபட்டுத் தளர்ந்திருக்கும். பின்னால் உள்ள சின்னத் திருகைக் கால் சுற்றாகத் திருகிப் பார்க்க வேண்டும். முட்டம் போய் வந்ததில் செயினில் உப்பும் மணலும் வேறு. அதைத் துடைத்து எண்ணெய் விட்ட பிறகுதான் குலசேகரம் சாலை.