நிறைந்த சிறுநீர்ப்பை

கதிர்வீச்சு சிகிச்சைக் கருவியை இயக்குவது என் வேலை. சென்ற வாரம், கருப்பைவாய்ப் புற்றுக்காக 16ஆம் நாள் சிகிச்சைக்கு வந்து மேசையில் படுத்துவிட்ட ஓர் அம்மாளை எழுப்பி, இன்னும் இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு அரை மணி நேரம் வெளியே காத்திருக்கும்படி சொல்ல நேர்ந்தது. "நேத்தும் இதே அளவுதானே தம்பி குடிச்சேன்? நேத்து சரின்னு கரண்ட் வச்சீங்களே?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

கதிரைச் செலுத்துமுன் அன்று எடுத்த சிடி ஸ்கேன் படத்தை அவருக்குத் திரையில் காட்டினேன். முந்தைய நாள் படத்தில் சிறுநீர்ப்பை நன்றாகப் புடைத்துச் சிறுகுடல் வளையங்களை இடுப்புக்குழிக்கு மேலே ஏற்றி வைத்திருந்தது. இன்றோ அது பாதிகூட நிரம்பாமல் தட்டையாகக் கிடக்க, காலியான இடத்தில் ஒரு குடல் வளையம் இறங்கிவந்து, கதிர் பாயவேண்டிய எல்லைக்குள்ளேயே படிந்திருந்தது. நான்கு நாட்களாக அவருக்கு வயிற்றுப்போக்கு. உடலில் நீர் வற்றினால் சிறுநீரகம் குடித்த தண்ணீரைக் கீழே விடாமல் பிடித்துவைத்துக்கொள்ளும், ஆகவே நேற்றைய அளவு இன்று போதவில்லை. இதில் கொடுமை என்னவென்றால், இறங்கிய குடல் கதிரில் மேலும் புண்படும். புண்பட்டால் போக்கு கூடும். போக்கு கூடினால் சிறுநீர்ப்பை இன்னும் சுருங்கும்.

குடல் ஏன் இவ்வளவு எளிதில் புண்படுகிறது என்பதற்கு விடை அதன் உட்சுவரிலேயே இருக்கிறது. அந்த மேலுறை மூன்று முதல் ஐந்து நாட்களுக்கு ஒருமுறை முழுவதுமாகப் புதுப்பிக்கப்படுகிறது. உட்சுவரில் விரல்போல நீட்டிக்கொண்டிருக்கும் குடலுறிஞ்சிகளின் அடியில் உள்ள நுண்குழிகளில் குருத்தணுக்கள் (ஸ்டெம் செல்கள்) இடைவிடாமல் பிரிந்து புதிய உயிரணுக்களை மேலே அனுப்ப, பழையவை உச்சியிலிருந்து உதிர்கின்றன. வேகமாகப் பிரியும் அணுக்களையே கதிர் அதிகம் தாக்கும் என்று பெர்கோனியே, டிரிபோந்தோ என்ற இரு பிரெஞ்சு ஆய்வாளர்கள் 1906இலேயே எழுதிவிட்டார்கள். மேலே இருக்கும் முதிர்ந்த அணுக்கள் பிரிவதில்லை என்பதால் முதல் சில நாட்களில் நோயாளிக்கு ஒன்றும் தெரியாது. உதிர்வு மட்டும் தொடர்ந்து, கீழிருந்து வரவேண்டிய வரத்து குறையும்போதுதான், அதாவது இரண்டாம் மூன்றாம் வாரத்தில், வயிறு தன் பாட்டைத் தொடங்கும். ஆறுதலான செய்தியும் அங்கேயே உண்டு. 1970இல் விதர்ஸ், எல்கைண்ட் இருவரும் கதிர் பட்ட எலிகளின் குடலில் மீண்டும் தழைத்த நுண்குழிகளை எண்ணிப் பார்த்தார்கள்: பிழைத்த ஓர் அணுகூட ஒரு நுண்குழியை மீட்டெடுக்க முடியும். 45 கிரேயை (கிரே என்பது உடல் வாங்கும் கதிரின் அளவைக் குறிக்கும் அலகு) ஒரே நாளில் கொடுக்காமல் நாளுக்கு 1.8 கிரே வீதம் 25 நாட்களுக்குப் பிரித்துக் கொடுப்பது, நலமான அணுக்களுக்கு இடையிடையே பழுது பார்த்துக்கொள்ள நேரம் விடுவதற்காகத்தான்.

"குடலைக் காக்க மாத்திரை ஏதும் கிடையாதா?" என்று கேட்காத குடும்பம் அரிது. மாத்திரையால் குடலைக் காப்பது மட்டும் போதாது, அதே மாத்திரை கட்டியைக் காத்துவிடக்கூடாது, சிக்கலே அதுதான். அணு ஆயுதக் கதிர்வீச்சிலிருந்து படைவீரர்களைக் காப்பதற்காக அமெரிக்க ராணுவத்தின் வால்டர் ரீட் ஆய்வு நிலையத்தில் உருவான அமிஃபோஸ்டின் என்ற மருந்து இந்தச் சோதனையை ஓரளவு கடக்கிறது. நலமான திசுவில் அதிகமாக இருக்கும் ஒரு நொதி அதைச் செயல்படும் வடிவத்துக்கு மாற்றுகிறது, கட்டியில் அந்த மாற்றம் குறைவாகவே நடக்கிறது. தலை, கழுத்துப் புற்றுக்கான சிகிச்சையில் உமிழ்நீர்ச் சுரப்பிகளைக் காக்க 1999இல் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது. ஆனால் வாந்தியும் இரத்த அழுத்த வீழ்ச்சியும் அதன் கூடவே வருகின்றன. குடலுக்கு அது வழக்கமான மருந்தாகவில்லை. வயிற்றுப்புண்ணுக்குப் பூச்சுப்போலப் படியும் சுக்ரால்ஃபேட்டைக் கொடுத்துப் பார்த்த சோதனைகளிலோ பயன் தெரியவில்லை, சில தொல்லைகள் கூடவே செய்தன.

ஆகவே இன்றைக்கு எங்கள் கையில் உள்ள உறுதியான காப்பு, குடலைக் கதிரின் வழியிலிருந்து விலக்கி வைப்பதுதான். கதிரின் செறிவை இடத்துக்கு இடம் கூட்டிக் குறைத்து, கட்டியின் வடிவத்துக்கு ஏற்ப வளைத்துச் செலுத்துகிறோம். புரோஸ்டேட் புற்று என்றால் மலக்குடலுக்கும் புரோஸ்டேட்டுக்கும் நடுவே சில மாதங்களில் கரைந்துபோகும் கூழ் ஒன்றைச் செலுத்திச் சுமார் ஒரு சென்டிமீட்டர் இடைவெளி உண்டாக்குவதும் உண்டு. குடல் உலவும் வயிற்றறை முழுவதையும் வரைந்துகொண்டு, அதில் 45 கிரேக்கு மேல் வாங்கும் பகுதி 195 கனசென்டிமீட்டரைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது 2010 முதல் பலரும் பின்பற்றும் அளவுகோல். ஆனால் திட்டம் போடும் கணினிக்குத் தெரிவது முதலில் எடுத்த சிடியில் இருந்த குடல் மட்டுமே. குடலோ ஒரு நாள் இருந்த இடத்தில் மறுநாள் இருப்பதில்லை. எவ்வளவு நுணுக்கமாகத் திட்டமிட்டாலும் கடைசியில் எல்லாம் அந்தத் தண்ணீரில் வந்து நிற்பது எனக்கு இன்றும் சற்று வியப்பாகத்தான் இருக்கிறது.

ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில், நொடிக்கு 40 கிரேக்கு மேற்பட்ட வேகத்தில் மொத்த அளவையும் கொட்டும் ஃபிளாஷ் முறை 2014 முதல் பேசப்படுகிறது. எலிகளில் நலமான திசு குறைவாகப் புண்படுகிறது. இடுப்புக்குழியின் ஆழத்துக்கு அந்த வேகத்தைக் கொண்டுசேர்ப்பது எங்கள் வழக்கமான கருவிகளால் ஆகாது.

எனக்கு உள்ள ஒரு மனக்குறையையும் சொல்லிவிடுகிறேன். சிகிச்சை முடிந்து பல மாதங்களோ ஆண்டுகளோ கழித்துக் குடற்சுவர் தடித்து இறுகலாம். சிறுகுடலின் கடைசிப் பகுதி கெட்டால் பித்த உப்பும் பி12 வைட்டமினும் சரியாக உறிஞ்சப்படாது. அப்போது வேறொரு மருத்துவரிடம் ஓயாத வயிற்றுப்போக்கு என்று போகிறவர்கள் பழைய கதிர்வீச்சைப் பற்றிச் சொல்வதில்லை, அவரும் கேட்பதில்லை.

அந்த அம்மாள் அரை மணி கழித்து முகத்தைச் சுளித்துக்கொண்டே வந்து படுத்தார். மறுபடி எடுத்த படத்தில் குடல் வளையம் மேலே ஏறியிருந்தது. அன்றைய 1.8 கிரேயைச் செலுத்த இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை; கதவைத் திறந்ததும், ஒரு வார்த்தையும் பேசாமல் நேரே கழிவறைக்கு நடந்தார்.