டூபாவுக்குப் பக்கத்து நாற்காலி

ஆர்கெஸ்ட்ராவில் பேஸ் ட்ரோம்போன் (குழாயை இழுத்து நீட்டிச் சுரம் மாற்றும் பித்தளை ஊதுவாத்தியத்தில் கீழ்ச் சுரங்களுக்கானது) வாசிப்பவருக்கு வழக்கமான இடம் ஒன்று உண்டு. ஒரு பக்கம் இரண்டாம் ட்ரோம்போன், மறுபக்கம் பித்தளை வாத்தியங்களிலேயே மிகக் கீழே ஒலிக்கும் டூபா. கண்டக்டரைப் பார்த்து வாசிக்கிறோம் என்பது உண்மைதான், ஆனால் காது முழுக்கப் பக்கவாட்டில்தான் இருக்கும். இந்த வேலையில் நான் கற்றதில் பெரும்பங்கு அந்த இரண்டு நாற்காலிகளிலிருந்து வந்தது. கண்டக்டர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

முதலில் சுருதி. ஓபோ கொடுக்கும் சுருதிக்கு எல்லோரும் சேர்வது வெறும் தொடக்கம்தான். ட்ரோம்போனின் ஸ்லைடில், அதாவது இழுக்கும் குழாயில், ஏழு நிலைகள் என்று பாடப்புத்தகம் சொல்லும், குழாயிலோ ஒரு கோடும் கிடையாது. மூன்று ட்ரோம்போனும் டூபாவுமாக நாங்கள் நால்வரும் ஒரு மேஜர் கார்டை (ஒன்றாக ஒலிக்கும் சுரக்கூட்டு) பிடிக்கும்போது, நடுவில் வரும் காந்தாரம் யாரிடம் இருக்கிறதோ அவர் பியானோவில் இருப்பதைவிட சுமார் 14 சென்ட் இறக்கிப் பிடிக்க வேண்டும். ஓர் அரைச்சுரம் என்பது 100 சென்ட். ஸ்லைடில் இது ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூட, அவ்வளவுதான். அடியில் டூபா ஆடாமல் நின்றால் கை தானாக அந்த இடத்தில் போய் நிற்கும். டூபா அலைந்தால் மேலே மூவரும் சேர்ந்தே அலைவோம்.

சிக்கல் என்னவென்றால், எங்கள் பெல் (ஒலி வெளிவரும் அகன்ற வாய்) அரங்கைப் பார்க்கும், டூபாவின் பெல் கூரையைப் பார்க்கும். ஒட்டி உட்கார்ந்திருக்கும் எனக்கே அதன் ஒலி மேலே போய்த் திரும்பித்தான் முழுசாகக் கேட்கும். அதைக் கேட்டுவிட்டு நான் தொடங்கினால் பிந்திவிடுவேன். அதனால் ஒலியை விட்டுவிட்டு மூச்சைப் பார்க்கப் பழகினேன். நல்ல டூபாக்காரர் தாளத்திலேயே மூச்சு இழுப்பார். தோள் ஏறாது, வாயின் ஓரங்கள் திறக்கும், வயிறு விரியும். கடைக்கண்ணில் அது தெரிந்தால் போதும், இருவரும் ஒன்றாக விழுவோம்.

கீழ்ச் சுரங்கள் காற்றை விழுங்கும். பலமாக வாசிக்கச் சொன்னால் சில நொடிகளில் நுரையீரல் காலி. நீளமான சுரங்களில் இருவரும் ஒரே இடத்தில் மூச்சு எடுத்தால் அடித்தளத்தில் ஓட்டை விழும், அதை அரங்கின் கடைசி வரிசையும் கேட்கும். எனவே ஒத்திகையிலேயே மூச்சு எடுக்கும் இடத்தில் பென்சிலால் காற்புள்ளி போட்டுக்கொள்வோம்: அவருக்கு ஒரு பாரில் (தாளக் கட்டத்தில்), எனக்கு அடுத்ததில். என் தாள்களில் பாதி இந்தக் காற்புள்ளிகள்தான்.

அப்புறம் காத்திருப்பு. பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனி முதன்முதலில் அரங்கேறியது 1808இல். அதில் ட்ரோம்போன்கள் கடைசிப் பகுதியில்தான் வாயைத் திறக்கும். மூன்று பகுதிகள் சும்மா உட்கார்ந்திருப்பதற்குள் உலோகம் குளிர்ந்து சுருதி இறங்கிவிடும். ஒலி வராமல் உள்ளே வெதுவெதுப்பான காற்றை ஊதிக்கொண்டே இருப்போம். ஒருவர் தொடங்கினால் மற்றவரும் செய்வார், கொட்டாவி பரவுகிற மாதிரி.

த்வோர்ழாக்கின் ஒன்பதாம் சிம்பொனியில் டூபாவின் நிலைமை இன்னும் மோசம். இரண்டாம் பகுதியில் மட்டும் வேலை, மொத்தம் 14 சுரங்கள். அவையும் பேஸ் ட்ரோம்போனோடு சேர்ந்து வாசிப்பவை. கேட்பவர்களுக்கு அங்கே இரண்டு வாத்தியம் இருப்பதே தெரியக் கூடாது. இவ்வளவு சின்ன வேலை இவ்வளவு கஷ்டமாக இருப்பதை வேறெங்கும் பார்த்ததில்லை.

பக்கத்தில் சத்தமாக வாசிப்பவர் அமைந்தால் நானும் சத்தத்தை ஏற்றிவிடுவேன், அவர் இன்னும் ஏற்றுவார். ஒரு குழுவில் ஒரு சீசன் முழுக்க இப்படிப் போனது. எனக்கு உதட்டுவலிதான் மிச்சம். அரங்கை நிறைக்கும் குரல் உள்ளவரைவிட, பக்கத்தவருக்கு இடம் விட்டு வாசிப்பவரையே நான் தேர்ந்தெடுப்பேன்.

சமீபத்தில் எங்கள் டூபாக்காரருக்குப் பதிலாக ஓர் இளைஞர் வந்தார். வாத்தியத்தைக்கூடப் பையிலிருந்து எடுக்கவில்லை, என் தாளை எட்டிப் பார்த்து, “அண்ணா, நீங்க மூச்சு எங்கே எடுப்பீங்க?” என்று கேட்டார். காட்டினேன். தன் காற்புள்ளிகளில் இரண்டை அழித்துவிட்டு முன்னால் தள்ளிப் போட்டார். இடைவேளை வரைக்கும் நாங்கள் வேறெதுவும் பேசிக்கொள்ளவில்லை, பேசத் தேவையும் வரவில்லை.