முதல் ஏ.ஏ. கூட்டத்துக்குக் கிளம்பும் முன்

ஏ.ஏ. என்பது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை நிறுத்த விரும்புகிறவர்கள் கூடி ஒருவருக்கொருவர் துணை நிற்கும் அமைப்பு. அதன் கூட்டம் எங்கே நடக்கிறது என்று தேடிக் கண்டுபிடித்த பிறகும், வாசல் வரை போய்த் திரும்பி வந்துவிடுகிறவர்கள் நிறைய. உள்ளே என்ன கேட்பார்கள், தெரிந்தவர் யாராவது இருந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம்தான் திருப்பி அனுப்புகிறது. அந்தப் பயத்துக்கான பதில்களை முன்கூட்டியே தெரிந்துகொண்டு போனால் படி ஏறுவது கொஞ்சம் சுலபம்.

அதற்கும் முன்னால் ஒன்று. காலையில் ஒரு கட்டிங் போட்டால்தான் கை நடுக்கம் நிற்கும் என்ற நிலையில் இருப்பவர், நாளை முதல் குடிக்க மாட்டேன் என்று வீட்டிலேயே சட்டென்று நிறுத்தக் கூடாது. கடைசியாகக் குடித்து ஆறு மணி நேரம் போனாலே நடுக்கமும் வியர்வையும் தொடங்கலாம். முதல் இரண்டு நாட்களில் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் இல்லாத உருவங்கள் தெரிவது, ஆள் இடம் புரியாமல் பிதற்றுவது என்று போனால் உயிருக்கே ஆபத்து, உடனே 108. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் இதற்கு மருந்து கொடுத்துப் பாதுகாப்பாக நிறுத்த வைப்பார்கள். ஏ.ஏ. மருந்து தருவதில்லை, யாரையும் மருத்துவமனையில் சேர்ப்பதும் இல்லை. இரண்டும் வேறு வேறு வேலைகள், இரண்டும் தேவை.

இனி தேடுவது. இந்தியாவிலுள்ள ஏ.ஏ. பொதுச் சேவை அலுவலகத்தின் இணையதளத்தில் ஊர்வாரியாகப் பார்க்கலாம். மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண் 14446, மனநல உதவி எண் 14416. வாட்ஸப்பில் சுற்றும் பழைய பட்டியலை மட்டும் நம்பிக் கிளம்பாதீர்கள். குழுக்கள் இடத்தையும் நேரத்தையும் மாற்றுவதுண்டு. போய்ப் பூட்டிய கதவைப் பார்த்தவர் மறுபடி கிளம்ப மாதக்கணக்காகிவிடும். அதனால் போன் செய்து மூன்று கேள்வி கேளுங்கள்: இந்த வாரம் கூட்டம் உண்டா, தமிழிலா ஆங்கிலத்திலா, எந்த கேட் வழியாக எந்த அறைக்கு வர வேண்டும்? "வாசலில் யாராவது நிற்க முடியுமா?" என்றும் தயங்காமல் கேட்கலாம். எதிர்முனையில் பேசுகிறவரும் பெரும்பாலும் ஒருகாலத்தில் இப்படிக் கேட்டு வந்தவர்தான்.

திறந்த கூட்டம் என்றால் குடும்பத்தாரும் உடன் வரலாம். மூடிய கூட்டம் குடியை நிறுத்த விரும்புகிறவர்களுக்கு மட்டும். உறுப்பினராக வேறு தகுதி எதுவும் வேண்டாம்; சந்தாவும் கிடையாது. சர்ச் வளாகத்தில் நடக்கிறதே என்று தயங்கவும் வேண்டாம். சர்ச்சோ பள்ளிக்கூடமோ, இடத்தை மட்டும்தான் தருகிறது. ஏ.ஏ. எந்த மதத்தையும் சார்ந்ததில்லை. குடியிலிருந்து மீள ஏ.ஏ. சொல்லும் 12 படிகளில் வரும் கடவுள் என்ற சொல்லை அவரவர் புரிதலுக்கு விட்டுவிடுகிறார்கள். நம்பிக்கை இல்லாதவர்களும் வந்து உட்காருகிறார்கள்.

கூட்டம் வழக்கமாக ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம். ஒருவர் நடத்துவார். கொஞ்சம் வாசிப்பு, பிறகு ஒவ்வொருவராகப் பகிர்தல். பெயர் மட்டும் சொன்னால் போதும். ஊர், வேலை, சாதி எதுவும் வேண்டாம். உங்கள் முறை வந்தால் "இன்றைக்குக் கேட்க மட்டும் வந்தேன்" என்று சொல்லலாம், அதை யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஒருவர் அழுதுகொண்டே பேசி முடித்தாலும் யாரும் புத்தி சொல்ல மாட்டார்கள், அடுத்தவர் தன் கதையைத் தொடங்குவார். புதிதாக வருபவருக்கு இது கல்நெஞ்சாகத் தோன்றும். ஆனால் வீட்டிலும் தெருவிலும் அறிவுரை கேட்டே ஓய்ந்துபோனவருக்கு, யாரும் குறுக்கிடாமல் பேச வேறு எங்கே இடம் இருக்கிறது? நடுவில் ஒரு பை சுற்றி வரும். குழுவின் வாடகைக்கும் டீக்குமான காசு அது. முதல் நாள் எதுவும் போடாமல் அடுத்தவரிடம் கொடுத்துவிடலாம்.

பலரும் வழுக்குவது "நான் இவங்க அளவுக்குப் போகலையே" என்ற நினைப்பில். வேலை போனவர், கல்லீரல் கெட்டவர் என்று கேட்கக் கேட்க, நமக்கு இன்னும் வேலை இருக்கிறதே என்று மனம் கணக்குப் போடும். எவ்வளவு குடித்தார் என்பதை விடுங்கள். குடிக்கும் முன் அவர் மனதில் என்ன ஓடியது என்பதைக் கேளுங்கள். ஒரு குழு பிடிக்கவில்லை என்றால் வேறு குழு. குறைந்தது ஐந்தாறு கூட்டம் போகாமல் முடிவு செய்ய வேண்டாம். 90 நாளில் 90 கூட்டம் என்பது அவர்களிடையே புழங்கும் பேச்சு. சிற்றூரில் அது நேரில் நடக்காது, ஆன்லைன் கூட்டங்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான். அதில் வீடியோவை அணைத்து வைக்கலாம்.

கூட்டம் முடிந்து கிளம்பும் முன் மூன்று நான்கு பேரின் போன் எண்ணை வாங்குங்கள். அன்று இரவே ஒருவருக்கு அழைத்து, வீட்டுக்கு வந்துவிட்டேன் என்று மட்டும் சொல்லுங்கள். ஒருமுறைகூடப் பேசாத எண்ணை, குடிக்கத் துடிக்கும் நேரத்தில் விரல் தொடாது. மாலைக் கூட்டம் முடியும்போது டாஸ்மாக் திறந்துதான் இருக்கும். இரவு பத்து மணி வரை அது உண்டு. பசியோடு அந்த வழியாக நடக்காதீர்கள். பையில் ஒரு பிஸ்கட் பாக்கெட், கூட வர ஒரு ஆள், இல்லை என்றால் வேறு தெரு.

வீட்டாருக்கு ஒரு வேண்டுகோள். குடியை விடுவதற்காகத் தரப்படும் டைசல்ஃபிரம் மாத்திரையைச் சாம்பாரில் தெரியாமல் கலந்து கொடுக்காதீர்கள். அது உடம்பில் இருக்கும்போது அவர் குடித்தால் வாந்தி, படபடப்பு, ரத்த அழுத்தச் சரிவு என்று போய் உயிரே போகலாம். மருத்துவர் சொல்லி, அவருக்கும் தெரிந்து எடுக்க வேண்டிய மருந்து அது. உங்களுக்கென்று அல்-அனான் இருக்கிறது, 1951 முதல் குடும்பத்தாருக்காகவே நடக்கும் தனிக் கூட்டம். அவர் இன்னும் நிறுத்தாவிட்டாலும் நீங்கள் போகலாம், அவரிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை.