வார்டு நாட்குறிப்பு: ஆர்டரும் ஓவரும்

ஜூன் 3

டாக்டர் போனில் சொல்லும் மருந்து ஆர்டரைக் காதால் கேட்டு, தலையில் வைத்துக்கொண்டு மருந்து அலமாரிக்கு நடக்கக் கூடாது. போன் காதில் இருக்கும்போதே கேஸ் ஷீட்டில் எழுதி, எழுதியதைப் பார்த்து வாசித்துக் காட்ட வேண்டும்: பேஷண்ட் பெயர், மருந்து, அளவு, வாய் வழியா ஊசியா, எத்தனை முறை. டாக்டர் ‘ஆமாம்’ என்ற பிறகு போனை வைக்கலாம். நினைவிலிருந்து திருப்பிச் சொன்னால், எழுதும்போது நேர்ந்த பிழை பிடிபடாது.

‘ஃபிஃப்டீன்’, ‘ஃபிஃப்டி’ இரண்டும் போனில் ஒன்றுபோலக் கேட்கும். ‘ஒன் ஃபைவ்’, ‘ஃபைவ் ஜீரோ’ என்று பிரித்துச் சொல்லுங்கள். மருந்துப் பெயரில் ஐயமென்றால் எதற்காக என்று கேளுங்கள். ஹைட்ராக்சிசின் அரிப்புக்கு, ஹைட்ராலசின் பிரஷருக்கு. காரணம் தெரிந்தால் குழப்பம் தீர்ந்துவிடும்.

ஜூன் 4

1.0 மி.கி. என்று எழுதினால் புள்ளி மங்கி 10 ஆகும்; .5 என்று எழுதினால் 5 ஆகும். முழு எண்ணுக்குப் பின்னால் பூஜ்யம் வேண்டாம், புள்ளிக்கு முன்னால் கட்டாயம் வேண்டும்.

ஜூன் 7

இன்சுலின். ‘4’ என்று எழுதிப் பக்கத்தில் ஆங்கில ‘யூ’ எழுத்தை ஒட்டிப் போட்டால், அடுத்த ஷிப்டுக்கு அது 40. ‘யூனிட்’ என்று முழுதாக எழுத எவ்வளவு நேரம் ஆகிவிடப் போகிறது?

நம் ஊரில் இன்னொரு பொறி உண்டு. ஒரு மி.லி.யில் 40 யூனிட் உள்ள இன்சுலின் வயலும் (மருந்துக் குப்பி) புழங்குகிறது, 100 யூனிட் உள்ளதும் புழங்குகிறது. 40க்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, 100க்கானதற்கு ஆரஞ்சு மூடி. 100 வயலிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 10 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 25 யூனிட்; சர்க்கரை சரிந்துவிடும். மாற்றிச் செய்தால் வெறும் 4 யூனிட், சர்க்கரை ஏன் இறங்கவில்லை என்று எல்லோரும் தலையைச் சொறிவார்கள். ஆகவே ஓவரில், அதாவது ஷிப்ட் மாறும்போது அடுத்த நர்ஸிடம் பேஷண்டை ஒப்படைக்கையில், ‘10 யூனிட் போட்டாச்சு’ என்றால் போதாது. எந்த வயல், எந்த சிரிஞ்ச் என்றும் சொல்ல வேண்டும். இன்சுலின் பேனாவின் கார்ட்ரிட்ஜிலிருந்து சிரிஞ்சில் இழுப்பது கூடவே கூடாது.

ஜூன் 11

ராத்திரி டூட்டி டாக்டரை எழுப்பி, ‘பேஷண்ட் ஒரு மாதிரி இருக்கார்’ என்றால் ‘பார்த்துக்கோங்க சிஸ்டர்’ என்றுதான் பதில் வரும். நிலைமை, பின்னணி, கணிப்பு, கோரிக்கை: அமெரிக்கக் கடற்படையின் அணுசக்தி நீர்மூழ்கிகளிலிருந்து மருத்துவமனைக்கு வந்த வரிசை இது. நான்கின் ஆங்கில முதலெழுத்துகளையும் சேர்த்து எஸ்பார் என்கிறோம். இப்படிச் சொல்லலாம்:

‘டாக்டர், சர்ஜிக்கல் வார்டு, 12ஆம் பெட். பி.பி. 90/60, நாடி 118. நேற்று பித்தப்பை ஆபரேஷன், 60 கிலோ எடை, காலையில் பி.பி. 130/80. கடைசி 4 மணி நேரத்தில் யூரின் 60 மி.லி., டிரெயின் குழாயில் 200 மி.லி. ரத்தம். உள்ளே ரத்தம் கசிகிறதோ என்று நினைக்கிறேன். உடனே வந்து பார்க்க வேண்டும்.’

யூரின் கிலோவுக்கு மணிக்கு அரை மி.லி. வீதம் 120 வந்திருக்க வேண்டும், பாதிதான் வந்திருக்கிறது. எடையைச் சொல்வது அதனால்தான். பலரும் மூன்றாவதான கணிப்போடு நிறுத்திவிடுகிறார்கள். டாக்டரிடம் ‘வாங்க’ என்று சொல்லக் கூச்சம். அந்தக் கடைசி வாக்கியம் இல்லாமல் போனை வைக்காதீர்கள். அவர் வரவில்லையென்றால் அடுத்த மூத்த டாக்டருக்கு அழைத்து, நேரத்தோடு குறிப்பில் எழுதுங்கள்.

ஜூன் 12

ஓவர் பெட் பக்கத்தில் நின்று. ஓடும் ட்ரிப் பாட்டிலையும் சார்ட்டையும் இருவரும் சேர்ந்து பார்க்க வேண்டும்.

ஜூன் 16

மூட்டு வாதத்துக்கு மெத்தோட்ரெக்ஸேட் வாரம் ஒருமுறைதான். தினமும் போட்டால் வாய் புண்ணாகி, ரத்த அணுக்கள் குறைந்து, உயிருக்கே ஆபத்து. சீட்டில் ‘வாரம் ஒருமுறை’ என்று மட்டும் போடாமல் ‘திங்கட்கிழமை மட்டும்’ என்று கிழமையோடு எழுதுங்கள். ‘புரிஞ்சுதாம்மா?’ என்று கேட்டால் யாரும் தலையாட்டுவார்கள். ‘இந்த மாத்திரையை வீட்டுல எப்போ போடுவீங்கம்மா, சொல்லுங்க’ என்று கேளுங்கள்.

ஜூன் 17

ஆபரேஷனுக்கு முன் ‘ஒண்ணும் சாப்பிடாதீங்க’ என்றால் காபி அதில் சேராது என்றே பலரும் எடுத்துக்கொள்வார்கள். பால், டீ, காபி, பிஸ்கட் எல்லாவற்றையும் பெயர் சொல்லி 6 மணி நேரத்துக்கு முன் நிறுத்தச் சொல்லுங்கள். வெறும் தண்ணீர் பொதுவாக 2 மணி நேரம் முன்பு வரை. பி.பி. மாத்திரை, சர்க்கரை மாத்திரை எதைப் போடலாம் என்று மயக்க மருத்துவரைக் கேட்டு, பேஷண்டோடு இருக்கும் அட்டெண்டரிடமும் சொல்லுங்கள். காபி வாங்கி வருவது அவர்தான்.