பதினோரு மணி டீ

1998-ல் பிளஸ் டூ முடித்த கையோடு திருப்பூரில் கைமடிக்கப் போனேன், அதாவது டெய்லருக்குத் துணி மடித்துக் கொடுக்கும் எடுபிடி வேலை. பனியன் கம்பெனியில் காலை 11 மணிக்கு டீ வரும். மெஷின்கள் நின்ற பிறகும் காதுக்குள் இரைச்சல் ஓடிக்கொண்டே இருக்கும். நானும் என் கூட்டாளியும் கட்டிங் வேஸ்ட் மூட்டை மேல் உட்கார்ந்து ஒரு டீயை இரண்டாக்கிக் குடிப்போம். மிதக்கும் பஞ்சை அவன்தான் விரலால் ஒதுக்குவான். "சீக்கிரம் குடிடா, ஆறிப்போகுது" என்பான்.

இன்று எனக்குச் சொந்தமாக 60 மெஷின். அவன் என்னிடம்தான் ஓவர்லாக், அதாவது துணியின் ஓரம் தைக்கும் மெஷின், ஓட்டுகிறான். டீ என் அறைக்குத் தனியாகப் பீங்கான் கப்பில் வருகிறது. ஒருநாள் கப்போடு கீழே இறங்கிப் போனேன். மூட்டை மேல் இருந்தவர்கள் சட்டென்று எழுந்து நின்றுவிட்டார்கள். அவனும்தான். "வாங்க" என்றான். 'டா' போட்டுக் கூப்பிடு என்று கேட்கலாம். கேட்டால் அதுவும் முதலாளி சொன்ன வேலையாகிவிடுமே.

2025 ஆகஸ்ட் 27-ல் இந்தியச் சரக்குக்கு அமெரிக்க வரி 50 சதவீதமானது. அங்கே சரக்கு வாங்கும் பையர் ஆர்டரை நிறுத்தி வைக்கச் சொல்லிவிட்டார். துணி வெட்டி அடுக்கிக் கிடந்தது. இதை யாரிடம் சொல்வது? டெய்லர்களிடம் சொன்னால் தீபாவளி போனஸ் வருமா என்று பயந்துவிடுவார்கள். சக முதலாளிகளிடம் வாய்விட்டால் சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரியும், நூல் கடன் நின்றுவிடும். இந்தத் தொழிலில் பாதி, பேரை நம்பித்தான் ஓடுகிறது. அம்மாவோ கோயிலில் பார்க்கிறவர்களிடமெல்லாம் மகன் கம்பெனி என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். கல்யாண வீட்டில் முதல் வரிசையில் நாற்காலி போட்டு உட்கார வைக்கிறார்கள். பக்கத்து நாற்காலி பெரும்பாலும் காலியாகவே இருக்கும்.

அந்த வாரம் ஒரு ராத்திரி, எல்லோரும் போய்விட்டார்கள் என்று நினைத்து ஒரு ஓவர்லாக்கில் உட்கார்ந்தேன். நூல் கோத்து ஒரு துண்டுத் துணியை ஓட்டினேன். ஓரத்தில் தையல் தொளதொளவென்று தொங்கியது. மறந்துவிட்ட டிபன் பாக்ஸை எடுக்க அவன் திரும்பி வந்தான். என்னைப் பார்த்தான். ஒன்றும் கேட்கவில்லை.

குனிந்து, நூலை இறுக்கும் டென்ஷன் திருகை இரண்டு சுற்று சுற்றினான்.

"லூப்பர் நூல் லூசா இருக்குதுங்க. இப்ப ஓட்டிப் பாருங்க."

ஓட்டினேன். இன்னொரு துண்டை எடுத்துக் கொடுத்தான். அதையும் ஓட்டினேன்.