மாமிட கடப்படி சிக்னல்

இலங்கையில டயலொக் எண்ட செல்போன் கம்பனி 1995ல தொடங்கினதாம், தெற்காசியாவிலயே முதல் ஜிஎஸ்எம் எண்ட டிஜிட்டல் நெட்வேர்க்காம். இருக்கட்டும். அந்த 1995ல மட்டக்களப்பில நாங்க குந்திட்டு இருந்தது கொமினிகேசன் கடை வாங்கில.

இப்ப உள்ள பிள்ளையளுக்கு கொமினிகேசன் எண்டா என்னெண்டே தெரியா. பலகை அடிச்ச சின்ன கூடு, கண்ணாடிக் கதவு, உள்ள ஒரு போன், முதலாளிட மேசையில நிமிசம் எழுதுற கொப்பி. சுவிசில இருந்து மாமா எடுத்தா கடைப் பொடியன் சைக்கிள்ள வந்து "அக்கா, கோல் வந்திருக்கு, பத்து நிமிசத்தில திருப்பி எடுப்பாராம்" எண்டுவான், அம்மா கொண்டைய கட்டினது பாதி கட்டாதது பாதியா ஓடுவா, நாங்க பின்னால ஓடுவம், அங்க போனா நமக்கு முன்னால ஏழு பேர் இருப்பாங்க. வாற கோலுக்கும் நிமிசக் காசு. முதலாளி எப்பவும் ஒரு நிமிசம் கூட்டித்தான் எழுதுவார், அம்மா எப்பவும் சண்டை பிடிப்பா, ரெண்டு பேரும் அத ஒரு சடங்கு மாதிரி செஞ்ச.

நாட்டில முதல் செல்போன் டயலொக் இல்ல, 1989ல வந்த செல்டெல். அந்த கம்பனி மறுகா டிகோ எண்டு ஆகி, எடிசலாட் எண்டு ஆகி, 2018ல ஹட்ச்சோட கலந்து போச்சு. முதல் வந்தவன்ட பேரே இப்ப இல்ல. டயலொக் 1993ல எம்டிஎன் நெட்வேர்க்ஸ் எண்ட பேரில பதிஞ்சு (தென்னாபிரிக்கா எம்டிஎன் வேற, இது வேற, இதுக்குப் பின்னால நிண்டது டெலிகொம் மலேசியா) பிந்தித்தான் களத்துக்கு வந்த. ஆனா செல்டெல் எல்லாம் பழைய அனலொக்ல நிக்கக்குள்ள இவன் நேரா டிஜிட்டல்ல இறங்கினான். பிந்தி வந்ததுதான் அவனுக்கு லாபமாப் போச்சு எண்டு நான் நினைக்கிறன். அதோட ப்ரீபெய்ட் கார்ட். மாசம் பில் கட்டுற உத்தியோகத்தர்ட கையில மட்டும் இருந்த சாமான், காசிருக்கிற நேரம் ஒரு கார்ட் வாங்கி நகத்தால சுரண்டி நம்பர் அடிச்சா மீன் யாவாரிக்கும் சரி எண்டு வந்ததே, அதுதான் பெரிய வேலை.

எங்கட வீட்டுக்கு போன் வந்தது 2002 பெப்ரவரி போர்நிறுத்த ஒப்பந்தத்துக்குப் பிறகு. வாய்ப்பாடு மாதிரி அப்பா சொல்லுவார், "0777 நம்பர் வச்சிருக்கிறவன் பழைய ஆள்" எண்டு. டயலொக்ட பழைய 077 நம்பருக்கு நடுவில இன்னொரு ஏழு போட்டு வந்தது அது. அவர்ட சிம்ம மூண்டு தரம் மாத்தியாச்சு, நம்பர விடமாட்டார்.

மட்டக்களப்பு ஆத்துக்கு (வாவிய நாங்க ஆறு எண்டுதான் சொல்லுவம்) மேற்குக் கரையான படுவான்கரைக் கதை வேற. மாமி இருந்தது அம்பிளாந்துறையில. எதிர்க்கரையில குருக்கள்மடத்துப் பக்கத்தில இருந்து ஆத்தத் தாண்டி வாற சிக்னல் வீட்டுக்குள்ள எடுபடா, கடப்படிக்கு (வளவு வாசலுக்கு) வெளிய வந்து ஆத்தப் பாத்து நிண்டா ரெண்டு கோடு காட்டும். அந்த இடத்தில ஒரு பூவரசு இருந்திச்சு, அதில ஒரு ஆணி, ஆணியில ஷொப்பிங் பேக், பேக்குக்குள்ள போன். சார்ஜ் போடுறது டிரக்டர் பெட்டரியில. மணி அடிச்சா மாமி அடுப்பையும் விட்டுட்டு ஓடி வருவா, மழை எண்டா குடையோட.

இதுக்கிடையில டயலொக் கம்பனி 2005ல பங்குச் சந்தைக்குப் போச்சு, 2010ல டயலொக் ஆசிஆட்டா எண்டு பேர் மாத்திச்சு, 2012ல சன்டெல் எண்ட போன் கம்பனிய வாங்கிச்சு, 2024ல இலங்கை எயார்டெல்லயும் சேத்துக்கிச்சு. பேப்பரில வாசிக்கிற சங்கதி.

போன கிழமை மாமி வீட்டுக்குப் போனன். ஊருக்குள்ளயே டவர், பேரன் உள்ளுக்க படுத்துக்கிட்டு வீடியோ பாக்கிறான். சுவிசில இருந்து கோல் வந்திச்சு. மாமி போனத் தூக்கிக்கிட்டு கடப்படிக்கு நடந்தா. பூவரசு தறிச்சு கனகாலம். அந்த இடத்திலதான் போய் நிண்டு, ஆத்தப் பாத்துக்கிட்டு, "கேக்குதாடா?" எண்டு கத்தினா.